கழுவுவதற்கு முன்

ரத்தத்தோடு யாரைத் தூக்கி வந்தாலும் அந்த நர்ஸம்மா முதலில் பேரைக் கேட்பார். ஒரு கையால் காயத்தின்மேல் துணியை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் கேமராவை எடுப்பார். துணியை ஒரு நொடி விலக்கி ஒரு படம் எடுப்பார். அதற்குப் பிறகுதான் வெந்நீர், பஞ்சு, ஊசி, நூல் எல்லாம்.

“கழுவறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துடணும் சார். கழுவிட்டா அப்புறம் அவனவன் சொல்றதுதான் கதை” என்பார் என்னிடம்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி என்பது சிமெண்டு ஷீட் போட்ட இரண்டு அறைதான். கீழேயிருந்து ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் ஜீப்பில் வருவார். மழை பெய்தால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் அவர் ஒருவர்தான். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட இரண்டு வயது சின்னவர். நல்ல உயரம், ஒல்லி. வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரப்பர் செருப்போடு பாறைகளில் ஏறுவார். முன்பு அங்கே இருந்த ஒரு டாக்டர் விட்டுப்போன பெட்டிக் கேமரா எப்போதும் கழுத்தில் தொங்கும். அதனால் மலைச் சனங்கள் அவரைப் பொட்டியம்மா என்றார்கள். எல்லார் பேரையும் கேட்டு எழுதி வைத்தவரின் பேரை நான் எழுதாமல் விடுவது நியாயமில்லைதான். அவருடைய அக்கா மகன் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன்.

நான் அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி, காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் இருட்டறை உதவியாளனாக இருந்தேன். வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளைக் கழுவிக் காயவைத்து, உறையில் போட்டு எண் எழுதுவது என் வேலை. சொந்த ஊர் கலசப்பாக்கம் பக்கம். மேகம் மூடிய மாசங்களில் எனக்கு வேலை இருக்காது. அப்படி ஒரு ஆவணி மாசத்தில் அவர் ஒரு ஃபிலிம் சுருளைக் கட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கீழே ஸ்டூடியோவில் இதைக் கழுவ மாட்டேன் என்கிறார்களாம். கல்யாணப் படத்தோடு இதையும் காயப்போட்டால் சகுனம் ஆகாதாம்.

நான் கழுவிப் பிரிண்டு போட்டேன். சிவப்பு விளக்கில் தட்டுக்குள் காகிதம் மெல்லக் கறுத்தபோது முதலில் உழுத நிலம் மாதிரி ஏதோ தெரிந்தது. பிறகுதான் அது ஒரு மனிதனின் முதுகு என்று புரிந்தது. விலாவிலிருந்து இடுப்புவரை பிரம்பு வரிகள். அடுத்தது ஒரு பெண்ணின் பாதி காது. அதற்கடுத்து, நகங்கள் பிடுங்கப்பட்ட ஒரு கை. அந்த நாளுக்கு முன் நான் கழுவிய படங்களில் வெளிச்சப் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. வாளியை இழுத்து வைத்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டார். அது முடிந்ததும், “மீதி ஒன்பதையும் பார்த்துடலாம் சார்” என்றார்.

மீதி ஒன்பதும் இன்னும் மசமசவென்று இருந்தன. பெட்டிக் கேமராவுக்கு ஆறடிக்கு இந்தப் பக்கம் எதுவும் தெளிவாகத் தெரியாது. அவரோ காயத்தின் மேலேயே கொண்டுபோய் வைத்து எடுத்திருந்தார். நான் ஒரு பழைய வாசிப்புக் கண்ணாடியின் சில்லை எடுத்து லென்ஸுக்கு முன்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அதை வைத்தால் சரியாக ஒரு முழ தூரத்தில் தெளிவு வரும். கேமராவின் அடியில் ஒரு முழ நூலைக் கட்டிவிட்டேன். நூலின் நுனியைக் காயத்தில் வைத்து, கேமராவை நூல் விறைக்கும்வரை பின்னுக்கு இழுத்து, அழுத்த வேண்டியதுதான். உச்சி வெயிலில் எடுத்தால் வீக்கம் தட்டையாகப் போய்விடும், காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்துங்கள், தடிப்பின் நிழல் விழும் என்றும் சொன்னேன். ஒரே மாசத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த சுருளில் பன்னிரண்டில் பத்து படங்கள் பளிச்சென்று இருந்தன. தழும்பின் விளிம்பில் ஒட்டியிருந்த மண் துகள்கூடத் தெரிந்தது.

ஆனால் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு, அடித்தவர்கள்மேல் அவர் கீழே மனு கொடுக்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரிப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது யார் முதுகு, எந்த ஊர் முதுகு என்று கேட்டிருக்கிறார். இவர் பேர் சொன்னார். படத்தில் பேர் எங்கே இருக்கிறது என்று சிரித்தாராம்.

அன்று சாயங்காலமே என்னிடம் வந்தார். “தப்பு நம்மளுதுதான் சார். முதுகுக்குப் பேர் இல்ல. மூஞ்சியும் வரணும்.”

அதற்குப் பிறகு முதுகில் அடிபட்டவனைத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னார். கையில் காயமென்றால் கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் பேர், அப்பா பேர், ஊர், எந்த நாள், எதனால் அடித்தார்கள் என்று எழுதினார். நான் அவருக்குக் கேமராவைச் சொல்லிக் கொடுத்தேன் என்று அங்கே எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவருடைய பத்துப் பன்னிரண்டு சுருள்களைக் கழுவியதில்தான் ஒரு படத்துக்குள் எது இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

அவரை எனக்குப் பிடிக்காமல் போன நாளும் உண்டு. ஒரு ஐப்பசியில் நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண்ணை நடத்திக் கூட்டிவந்தார்கள். புருஷன் கோடாரியால் தோளில் போட்டிருந்தான். தோள்பட்டை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் துணியை வைத்து அழுத்திக்கொண்டு கேமராவைத் தூக்கினார். அந்நேரம் பார்த்து மேகம் சூரியனை மறைத்தது. அவர் கேமராவை இறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பல் கிட்டுகிறது, ரத்தம் இவருடைய முழங்கையில் வழிந்து தரையில் சொட்டுகிறது, இவர் அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் கத்திவிட்டேன். மனுஷியா நீங்கள் என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேகம் விலகியதும் எடுத்தார். பிறகு ஒரு மணி நேரம் குனிந்தபடியே தைத்தார்.

நான்கு நாட்களுக்கு நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போய்ச் சுருளை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். அந்தப் புருஷன் ஊர்ப் பெரியவர்களிடம், அவள் அரிவாள்மணையில் தடுக்கி விழுந்தாள் என்று சொன்னான். அவர் படத்தை எடுத்துக் காட்டினார். அரிவாள்மணை தோளின் பின்னால் எப்படி ஏறியது என்று ஒரு கிழவர் கேட்டார். அந்தப் பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். இது தெரிந்த பிறகும் அந்த மேகத்தை என்னால் முழுதாக மன்னிக்க முடியவில்லை. அவரிடம் சொன்னேன். “மன்னிக்க வேணாம் சார்” என்றார்.

தை மாசத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் காளை விடுவார்கள். அப்போது நானும் ஒரு பழைய கேமராவை வாங்கியிருந்தேன். சென்னையில் நடக்கிற ஒரு படப் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசை. விழாக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் அவரும் மருந்துப் பெட்டியோடு வந்திருந்தார். நான் ஒரு டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்றுகொண்டேன். மூன்றாவது காளை சந்துக்குள் வந்ததும் குறுக்கே பாய்ந்து ஒரு பையனை வயிற்றில் குத்தித் தூக்கியது. அழுத்தினேன். புழுதிக்கு நடுவில், காளையின் தலைக்கு மேலே, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒரு உடம்பு. அப்படி ஒரு படம் எனக்கு வாழ்நாளில் மறுபடி கிடைக்கவில்லை. அவன் கீழே விழுந்தபோது நான் அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சரிந்த குடலை ஈரத் துண்டில் ஏந்தியபடி அவர் மண்ணில் மண்டி போட்டிருந்தார். போளூர் போகிற வழியிலேயே வண்டியில் பையன் இறந்துபோனான்.

போட்டியில் எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. சந்தோஷத்தில் படத்தை எடுத்துப்போய் அவரிடம் காட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப நல்லா எடுத்துக்கீறீங்க. ஆளு பேர் இன்னா?”

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. மூச்சு இருக்கும்போதே கேட்டிருக்கிறார். படத்தைத் திருப்பி, பின்பக்கம் பையனின் பேரையும் அப்பா பேரையும் ஊரையும் எழுதி என்னிடமே கொடுத்தார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட வைத்திருந்தேன், போடவில்லை.

எதற்காக இந்த வேலை என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பிரசவத்துக்குத் துணையாகப் போய்விட்டு இரண்டு பேரும் காட்டு வழியில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரு அக்கா. போளூருக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இவர் நர்ஸ் படிப்பில் இருந்தபோது, அக்கா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. “நான் போறதுக்குள்ள குளிப்பாட்டிட்டாங்க சார். மஞ்சள் பூசி, பொட்டு வச்சி, தலை நிறைய பூ வச்சிருந்தாங்க. பார்க்க நல்லா இருந்தா. கழுத்துல மட்டும் மஞ்சள் தூக்கலா இருந்துச்சி.” நடையை நிறுத்தாமலே சொன்னார். அக்காவின் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இனி வெள்ளையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்துப் புளிய மரங்களையெல்லாம் ஒரு காண்ட்ராக்டர் குத்தகைக்கு எடுத்திருந்தான். அவன் தராசில் மட்டுமே புளி போட வேண்டும். வெள்ளையன் என்கிற மலைக்காரனுக்குச் சாமை விதைக்கிற சொந்த நிலத்தில் ஒரே ஒரு பெரிய மரம் இருந்தது. என் மரம், நான் எங்கே வேண்டுமானாலும் விற்பேன் என்று அவன் புளியைத் தலைச்சுமையாகப் போளூருக்கு இறக்கினான். முதல் நடை போய்வந்தான். இரண்டாம் நடைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது காண்ட்ராக்டரின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். அவனுடைய மரத்திலேயே அவனைக் கட்டி, புளி அடிக்கிற கழியால் அடித்தார்கள். பட்டப்பகல். அவன் மனைவி பொன்னி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்ஸம்மா போய்ச் சேர்வதற்குள் கயிற்றை அவிழ்த்து, அவனை மரத்தடியில் கிடத்தி, ஒரு கிளையை வெட்டி மேலே போட்டிருந்தார்கள். உலுக்கும்போது விழுந்துவிட்டான் என்றார்கள். உயிர் இல்லை.

இறந்த உடம்புக்கு முன்னால் நின்று, நன்றாகத் தெரிந்த பேரையே, பொன்னியிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொண்டாராம். பன்னிரண்டு படமும் எடுத்தார். கயிறு அறுத்த மணிக்கட்டை முகத்தோடு சேர்த்து வைத்து எடுத்தார். மரப்பட்டையில் கயிறு உரசிய இடத்தை எடுத்தார். வெட்டிப் போட்ட கிளையின் வெட்டுவாயை எடுத்தார். மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொணத்தை எதற்கு போட்டோ பிடிக்கிறாய் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். “நீயும் அப்படியே நில்லு, சேர்த்து எடுக்கறேன்” என்று அவனையும் எடுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நான் அந்தச் சுருளைக் கழுவினேன். அந்தப் பெட்டியிலிருந்து அவ்வளவு சுத்தமான நெகடிவ் அதற்குமுன் வந்ததில்லை. பிரிண்டு போடக் காகிதம் தீர்ந்திருந்தது. வேலூரிலிருந்து வர ஒரு வாரம் ஆகும். நெகடிவை உறையிலிட்டு அவரிடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் பஞ்சு வைக்கிற டின்னுக்குள், பஞ்சுக்கு அடியில் வைத்தார். கேமராவின் விசை சிக்கிக்கொள்கிறது, சரி செய்து தாருங்கள் என்று அதை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை, டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டு பேர் தோளில் கைபோட்டு எழுப்பினார்கள். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. சரி செய்து சுருள் போட்ட கேமராவோடு என் பை பெஞ்சிலேயே கிடந்தது. ஒரு லாரியில் ஏற்றிக் காண்ட்ராக்டரின் புளிக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். படம் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கவிழ்த்துப் போட்டுக் கழியால் முதுகில் ஒன்று போட்டார்கள். இரண்டாவது அடி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. அந்த வலியை எழுதத் தெரியவில்லை. மூன்றாவதுக்குக் கழி மேலே போயிற்று. அது இறங்குவதற்குள் நான் பஞ்சு டின்னைச் சொல்லிவிட்டேன்.

என்னை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டு நான்கு பேர் போனார்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து என் கண்ணுக்கு முன்னால் நெகடிவைக் கொளுத்தினார்கள். அது சுருண்டு, உருகி, சொட்டுச் சொட்டாகப் புளிங்கொட்டைமேல் விழுந்தது. ஒருவன் தன் வேட்டியிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. பிறகு கட்டை அவிழ்த்து விட்டார்கள்.

நான் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரி கவிழ்ந்து கிடந்தது. வாசல் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டு மலைப் பெண்கள் தண்ணீர்ச் செம்போடு நின்றார்கள். தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கண் மூடிவிட்டது. டின்னின் மூடியை அவர் வலது கையால் பிடித்துக்கொண்டு விடாததால் அந்தக் கையை மூடியோடு வைத்து மிதித்திருக்கிறார்கள். மூன்று விரல்கள் கறுத்துத் தொங்கின. அந்தப் பெண்கள் ஒரு மணி நேரமாகக் கழுவிவிடக் கெஞ்சிக்கொண்டிருந்தார்களாம். தொடக்கூடாது என்றுவிட்டாராம். நான் கேமராவோடு வருவேன் என்று உட்கார்ந்திருந்தார்.

டீக்கடைக்காரர் வழியில் என் தோளில் மாட்டிவிட்ட பைக்குள் அது இருந்தது. நான் அவர் காலடியில் உட்கார்ந்து, சொன்னது நான்தான் என்றேன்.

தாடையை அசைக்க முடியாமல், பல்லுக்கு நடுவிலிருந்து பேசினார். “தெரியும். மொதல்ல எடுங்க.”

கேமராவை வெளியே எடுத்தேன். அவரே இடது கையால் நூலின் நுனியைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் நூல் விறைக்கும்வரை பின்னுக்குப் போனேன். பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் திறந்திருந்த அந்த ஒரு கண் என்னைப் பார்த்தது. என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கேமரா ஆடுவதை அவர் கண்டுகொண்டார். மூச்சை நிறுத்திவிட்டு அழுத்துங்கள் என்றார். அது நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. எட்டுப் படங்கள் எடுத்தேன். பிறகு பேரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் தண்ணீரைத் தொடவிட்டார்.

என் முதுகை யாரும் படம் எடுக்கவில்லை. அதை அவர் கேட்டபோது பதினைந்து நாள் ஆகித் தழும்பு ஆறியிருந்தது. “சொல்லியிருக்கலாம் இல்ல சார்” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வெள்ளையன் மரத்திலிருந்து விழுந்து செத்தான் என்றே முடிந்துபோயிற்று. நர்ஸம்மாவை அடித்த வழக்கு மட்டும் நடந்தது. நான் கூண்டில் ஏறி, அவருடைய எட்டுப் படங்களையும் எடுத்தது நான்தான் என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அவர்கள் எதற்காக அந்த டின்னைத் தேடி வர வேண்டும், அதில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டார். கோர்ட்டில் மலைச் சனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னி முன்வரிசையில் இருந்தாள். நான்தான் சொன்னேன் ஐயா, மூன்றாவது அடிக்குப் பயந்து சொல்லிவிட்டேன் என்றேன். நான்கு பேருக்கும் சிறை கிடைத்தது. அன்றைக்குக் காண்ட்ராக்டர் ஊரிலேயே இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது பொன்னி என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அந்தப் படத்துல அவரு மூஞ்சி இருந்துச்சின்னு பொட்டியம்மா சொன்னாங்க. அவர யாரும் வேற படம் புடிச்சதில்ல. எப்படி இருந்துச்சி சார்?”

வெள்ளையனை நான் உயிரோடு பார்த்ததில்லை. நெகடிவில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அதில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். முடி பஞ்சு மாதிரி, கண்கள் பளீரென்று. நன்றாக இருந்தார் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இன்றைக்கும் அந்தப் பொய் எனக்கு உறுத்துகிறது.

நர்ஸம்மாவின் மூன்று விரல்களும் கூடவில்லை. வலது கையால் கேமராவின் விசையை அழுத்த முடியாது. இடது கையால் தைக்கவே பழகிக்கொண்டார்; கேமரா மட்டும் ஆடியது. நான் அங்கே இருக்கும் நாட்களில் நானே எடுத்தேன். அவர் என்னை ஒருநாளும் குற்றம் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு சுருளில் ஒன்று மங்கலாக வந்தால் மட்டும் கடிந்துகொள்வார்.

ஐந்தாறு வருடம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு கூலிகள் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கட்டிலில் கிடந்தவன் அந்தக் காண்ட்ராக்டர். கிடங்கில் அவனுடைய கூட்டாளி கொடுவாளால் வெட்டிவிட்டானாம். வலது கை தோளுக்குக் கீழே தோலில் தொங்கியது. கட்டிலின் கயிறெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா தன் உடம்பின் கனத்தையெல்லாம் ஒரு முழங்காலில் போட்டு அவன் அக்குளை அழுத்திக்கொண்டு, அவனிடம் பேர் கேட்டார்.

அவன் சொன்னான். அப்பா பேரைக் கேட்டார். அதையும் சொன்னான்.

“எடுங்க சார்.”

நான் நகரவில்லை. “இவனுக்கா?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் அவன் ரத்தம் தெறித்திருந்தது. “வெளிச்சம் போவுது சார்.”

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூலைத் தளர்வாகப் பிடித்து மசமசவென்று ஒரு படம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. நுனியை அவன் தோளில் வைக்கும்போது என் விரல் அவன் மேல் பட்டது. அவன் சட்டென்று இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். என்னை அடையாளம் தெரிந்து பிடித்ததாகத் தோன்றவில்லை. யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நூலை விறைப்பாக இழுத்தேன். மூன்று படங்கள், மூன்றும் தெளிவு.

அவன் பிழைத்தான். கை போயிற்று. கூட்டாளிமேல் வழக்கு நடந்தது. கூட்டாளி, அவன் குடித்துவிட்டு லாரியிலிருந்து விழுந்தான் என்று சாட்சிகளைத் தயார் செய்து வைத்திருந்தான். காயத்தைக் கழுவுவதற்கு முன் எடுத்த அந்த மூன்று படங்கள் மட்டும்தான் வேறு கதை சொல்லின. எடுத்தவன் நான் என்பதால் சம்மன் எனக்கு வந்தது. போகமாட்டேன் என்றேன். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வாதாடவில்லை. வழக்கு நாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றார். நானும் ஏறினேன்.

அதே கோர்ட்டு, அதே கூண்டு. என்ன நாள், என்ன நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தது, காயம் எப்படி இருந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாய் என்றெல்லாம் கேட்டார்கள். இருந்ததை இருந்தபடி சொன்னேன். காண்ட்ராக்டர் எதிரே உட்கார்ந்திருந்தான். வலது சட்டைக் கை காலியாகத் தொங்கியது. நான் கூண்டிலிருந்து இறங்கியபோது அவன் எழுந்து, கும்பிடப் போய், ஒரு கை மட்டும் மேலே வந்து அந்தரத்தில் நின்றது. நான் பதிலுக்குக் கும்பிடவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

வேப்பமரத்தடியில் நர்ஸம்மா இடது கையால் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்களா?”

சொன்னேன் என்றேன்.

அவர் கடலைத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தார். “அப்ப வாங்க. பஸ்ஸு போய்டும்.”

பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவர் நகர்ந்து பாதி இடம் கொடுத்தார்.